முப்பத்தொரு நாளும் ஒரு கோழிக்காலும்

செல்வரத்தினத்துக்குப் பேரம் பேசத் தெரியாதென்று எவரும் சொல்லிவிட முடியாது. யாழ்ப்பாணம் பெரியகடையில், அப்பாவின் புடைவைக் கடையில் வளர்ந்தவன். விலை கேட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு படியிறங்கும் ஆளைத் திருப்பிக் கூப்பிடலாமா, போகவிடலாமா என்று அந்த ஆளின் முதுகைப் பார்த்தே சொல்லிவிடுவான். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம், பிழைக்க வந்த வெள்ளைக்காரர் நாட்டில், ஒடாஹுஹு என்ற ஊரில் ஒரு கோழிப்பொரியல் கடையில், அவனுக்கு எதிரே உட்கார்ந்திருந்தவன் வியாபாரி அல்ல. இரக்கப்பட்ட மனிதன். இரக்கத்தோடு எப்படிப் பேரம் பேசுவதென்று அப்பா சொல்லிக்கொடுக்கவில்லை.

இரக்கப்பட்டவன் அவனுடைய முதலாளி கெவின். சோபா செய்கிற பட்டறை வைத்திருந்தான். அங்கே துணி வெட்டுவது செல்வரத்தினம். அப்பா செத்துப்போனார் என்று மூன்று கிழமைக்கு முன், இருபது இருபத்தொரு நாளிருக்கும், தந்தி வந்து சேர்ந்தபோது, சவம் எரிந்து சாம்பலும் அள்ளியாகிவிட்டிருந்தது. மூத்தவன் இருக்கத் தம்பிதான் கொள்ளி வைத்தான். விமானத்தில் ஏறினாலும் கொழும்போடு நிற்க வேண்டியதுதான். எண்பத்தாறில் சண்டையால் அதற்கு அப்பால் யாழ்ப்பாணம் போகிற பாதை ஒருநாள் திறக்கும், ஒருநாள் பூட்டும். மூத்த மகனாக அவன் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது: முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை வரைக்கும் மச்சம் மாமிசம் தொடாமல் துடக்கு, தீட்டுக் காப்பது. கிளென் ஈடன் வீட்டில் மனைவி வசந்தமலர் சட்டி முட்டியெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, நாள் தவறாமல் புளிச்சாதம் கட்டிக் கொடுத்தாள்.

அந்தப் புளிச்சாதத்தைத்தான் கெவின் கையைப் பிடித்துத் தடுத்தான்.

"மூடு பெட்டியை, மேட். இண்டைக்கு வெளியில சாப்பிடுறம். உங்கட ஆக்கள் புதுசா ஒரு கடை போட்டிருக்கினமாம். சரியான உறைப்பாம்."

கெவினின் இங்கிலீசு செல்வரத்தினத்தின் காதுக்குள் இப்படித்தான் விழும். வான் வண்டியில் போகும்போதே செல்வரத்தினம் முதல் விலையை வைத்தான்: அப்பாவுக்காக ஒரு மாதம் இறைச்சி சாப்பிடுவதில்லை.

கெவின் நெடுநேரம் தலையாட்டினான். "விளங்குது. மாடு, ஆடு ஒண்டும் வேண்டாம். அதுதான் கோழிக் கடைக்குப் போறமே."

இந்த நாட்டில் கோழி இறைச்சிக் கணக்கில் சேராது என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரியவந்தது.

கடைக்குள் நுழைந்ததும் இரண்டாம் விலை. "எனக்குப் பசியில்லை, கெவின். ஒரு தேத்தண்ணி போதும்."

வியாபாரியாக இருந்தால் இந்த இடத்தில் இறங்கியிருப்பான். கெவின் ஏறினான். பசியில்லை என்றதும் அவன் முகம் உருகி, இருவருக்குச் சொல்லவிருந்தது நால்வர் சாப்பிடும் ஒரு பெரிய வாளி நிறையக் கோழியாகிவிட்டது. செல்வரத்தினம் ஒவ்வொரு முறை குறைக்கக் குறைக்க மேசையில் சாமான் கூடிக்கொண்டே போனது.

கெவின் கைகழுவப் போன சமயம் பார்த்து அவன் கல்லாவடிக்கு ஓடினான். கல்லாவில் நின்றவள் செல்வி, மலேசியாக்காரி, கடைக்குச் சொந்தக்காரி. புருசன் பின்னால் பொரித்துக்கொண்டிருந்தான்.

"தங்கச்சி, என்ரை அப்பா மோசம் போயிட்டார். நான் சைவம். எப்படியாவது காப்பாத்தும்."

"அய்யோ, எப்பண்ணே?"

"மூண்டு கிழமை."

செல்வி விரலை மடக்கிப் பார்த்தாள். "அப்ப முடிஞ்சிருச்சே! எங்களுக்கெல்லாம் பதினாறோட கருமாதி முடிஞ்சிரும்லா. அப்புறம் சாப்புடலாம். தைரியமா சாப்புடுங்கண்ணே."

"எங்களுக்கு முப்பத்தொண்டு, தங்கச்சி."

"ரெட்டை மடங்கா? அம்மாடி!"

அவள் கேலி செய்யவில்லை, மனமிரங்கித்தான் சொன்னாள். ஆனாலும் அவனுக்கு உள்ளே எங்கோ குத்தியது. ஏறக்குறையப் பாதி விலைக்கு அப்பாவின் காரியத்தை முடித்துத் தருகிறேன் என்கிறாள். அதுவும் தமிழாள், அதே தேவாரம் பாடுகிறவள். அப்பாவோ, சொந்த மச்சானுக்குக்கூட முழத்தில் ஒரு விரற்கடை விட்டுக்கொடுக்காத மனிதர். அவருக்கே விலையில் கழிவு போடுவதா?

"வேறை என்ன இருக்கு, சொல்லும்."

"உருளைக்கிழங்கு இருக்கு. ஆனா பொய் சொல்லக் கூடாது, கோழி பொரிச்ச எண்ணெய்தான். கோஸ் சாலட்ல முட்டை. பன்னு சாப்பிடுங்க, பன்னு சுத்தம்."

ஆக, கெவின் திரும்பி வந்தபோது செல்வரத்தினம் வெறும் பன்னைப் பிய்த்துப் பிய்த்து மென்றுகொண்டிருந்தான். அதைப் பார்த்த கெவின் ஒரு தொடையை எடுத்துக் கடித்தான்.

மிளகு கூடினாலே இருமுகிற ஆள். ஒரு கடிதான். கழுத்து சிவந்தது, காது சிவந்தது, இரண்டு கண்ணாலும் தண்ணீர் கொட்டியது. பக்கத்து மேசையிலிருந்து ஒரு சமோவா அம்மா எழுந்து வந்து, யாருக்கோ ஏதோ நடந்துவிட்டதென்று கெவினின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அப்பனைப் பறிகொடுத்தவன் உலர்ந்த கண்ணோடு பன் தின்றுகொண்டிருக்க, ஆறுதல் போய்ச் சேர்ந்தது முதலாளிக்கு.

அவள் போன பிறகும் கெவினின் கண் நிற்கவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு பேசினான்.

"என்ரை அப்பா செத்த அடுத்த நாள் நான் வேலைக்குப் போனன். ஒருத்தனும் ஒண்டும் கேக்கேல்லை. மத்தியானம் கன்டீனில எனக்குப் பக்கத்தில இருக்கிறதுக்கே பயந்திட்டாங்கள். தனியத்தான் சாப்பிட்டன்." இன்னொரு துண்டை, வாளியிலேயே பெரியதைத் தேடியெடுத்து, மேசைக்கு மேலால் நீட்டினான். "உன்னைத் தனியச் சாப்பிட விடமாட்டன், மேட்."

பொன்னிறக் கோழிக்கால். செல்வரத்தினம் அதை நீட்டிய கையைப் பார்த்தான். கல்லாவில் செல்வியைப் பார்த்தான். அவள் பதினாறு என்று உதட்டை அசைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வாங்கிக் கடித்தான்.

நன்றாக இருந்தது. அதுதான் பெரிய கொடுமை. மூன்று கிழமையாக மரத்துக்கிடந்த நாக்கு சட்டென்று எழும்பி உட்கார்ந்துகொண்டது. பாதியில் வைத்துவிடலாம் என்றுதான் எடுத்தான்; எலும்பைத்தான் வைத்தான்.

"பாத்தியா!" என்றான் கெவின், உலகத்தையே வென்றவன்போல.

கைகழுவும்போது செல்வரத்தினம் மனதுக்குள் அப்பாவோடு பேசி முடித்தான். பதினாறும் வேண்டாம், கழிவும் வேண்டாம். நாளைக்கு விடிய முதலாம் நாள். திரும்பவும் முழுசாய் முப்பத்தொன்று. வசந்தமலருக்கு ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். அப்பாவும் கொஞ்சம் முகத்தைச் சுளித்துவிட்டு ஒத்துக்கொண்டதுபோல்தான் இருந்தது.

வாசலில் வான் சாவியைச் சுழற்றியபடி கெவின் சொன்னான்: "இனி ஒவ்வொரு வெள்ளியும் இஞ்சைதான். அதே மேசை. கல்லாவில நிக்கிற அவவிட்டைச் சொல்லிப்போட்டன்."

சொல்லிவிட்டு வானை நோக்கி நடந்தான். செல்வரத்தினம் அந்த முதுகைப் பார்த்தான். எத்தனையோ முதுகுகளைப் படித்தவன். இந்த மூன்று கிழமையில் இப்போதுதான் அந்தத் தோள்கள் பாரம் இறங்கி நிமிர்ந்திருந்தன. கூப்பிட்டால் திரும்பும். என்ன சொல்லித் திருப்புவது? வெள்ளிக்கு வெள்ளி ஒன்றிலிருந்து தொடங்கினால் எந்தக் காலத்தில் முப்பத்தொன்று வரும்?

"அண்ணே," பின்னாலிருந்து செல்வி கூப்பிட்டாள். "அடுத்த வாரம் உங்களுக்குக் காரம் கொஞ்சம் கூடப் போடச் சொல்லவா?"

"ஓம், போடச் சொல்லும்" என்றான் செல்வரத்தினம்.