மூன்று அரைஞாண் கயிறுகள்

மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து போனில் பேசிய நர்ஸ் சொன்னதையெல்லாம் கருத்தக்கண்ணன் ஒழுங்காகவே செய்திருந்தான். பையனுக்கு நகம் வெட்டியாயிற்று. தலைக்குத் தண்ணீர் ஊற்றி, எண்ணெய் வைக்காமல் விட்டாயிற்று. சாயங்காலத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும். கடைசியாக அந்தப் பெண் சொன்ன ஒன்றுதான் பாக்கி.

"உடம்புல கயிறு, தாயத்து எதுவும் இருக்கக் கூடாதுங்க. வீட்டுலயே எடுத்துட்டு வந்துருங்க. இல்லன்னா தியேட்டர்ல நாங்க கட் பண்ணிருவோம்."

"தியேட்டர்ல என்ன படம் மேடம்?" என்று கேட்டிருந்தான் கருத்தக்கண்ணன்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. அவனுக்கும் சிரிப்பு வரவில்லை. மகன் நெஞ்சில் ஓட்டை இருக்கிறது, அறுத்துத்தான் அடைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து உள்ளே ஒன்றுமே அசையவில்லை. வாய் மட்டும் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, ஆள் இறங்கிப் போன பிறகும் அணைக்காமல் விட்ட லோடு ஆட்டோ மாதிரி. வாழைத்தார் ஏற்றி லோடு ஆட்டோ ஓட்டுகிறவனுக்கு வேறு என்ன உதாரணம் தோன்றும்?

மார்க்கையன்கோட்டையில் அவன் சொந்தபந்தத்தில் எந்த ஆண்பிள்ளையும் இடுப்பில் அரைஞாண் இல்லாமல் இருந்ததில்லை. கயிறு நைந்துபோனால் புதுசைக் கட்டிவிட்டுத்தான் பழசை அறுப்பார்கள். இடுப்பு வெறுமனே கிடப்பது ஒரே ஒரு தடவை, சுடுகாட்டில். கருத்தக்கண்ணனின் அப்பாவுக்கு அங்கே அறுத்தது பிணம் எரிக்கிற கர்ணன் என்கிற ஆள். வாயில் இருந்த பீடியைக்கூட எடுக்காமல், வாழைத்தார்க் கயிற்றை அறுப்பதுபோல அறுத்துத் தூரப் போட்டான். கருத்தக்கண்ணன், "எங்கப்பன் தொப்பைக்கு இன்னைக்குத்தான் விடுதலை" என்று பக்கத்தில் நின்ற பெரியவரிடம் சொல்லி, பாடைக்குப் பக்கத்திலேயே வசவு வாங்கினான்.

அதனால் மகிழன் இடுப்பில் இருந்த சிவப்புக் கயிற்றை யார் தொடுவது என்பதில் காலையிலிருந்து வேலை நின்றுபோயிருந்தது.

"நான் அறுக்க மாட்டேன், கேட்டுக்கங்க" என்றாள் அவன் பெண்டாட்டி பாண்டீஸ்வரி. "பெத்த கையால அதைச் செய்ய மாட்டேன். அங்கன எவளோ முகந்தெரியாதவ அறுக்கவும் விட மாட்டேன்."

"அப்ப என்ன செய்ய? டெண்டர் விடுவமா?"

"கட்டுனது எங்க அண்ணன். அவுகளே வந்து அறுக்கட்டும். போன் போட்டுட்டேன்."

சின்னமனூரில் வாழைக்காய் மண்டி வைத்திருக்கும் சுருளிராஜன், மத்தியானம் காரோடு வந்து சேர்ந்தார். அந்தக் காரில்தான் மதுரைக்குப் போவதாக ஏற்பாடு. வெள்ளைச் சட்டை, பட்டுக்கரை வேட்டி. கையில் ஒரு தாம்பாளம். அதில் பழம், பூ, புதுத்துண்டு, நடுவில் ஒரு சின்ன டப்பா.

கருத்தக்கண்ணன் டப்பாவைத் திறந்து பார்த்தான். புத்தம்புது வெள்ளி அரைஞாண் பளபளவென்று சுருண்டு கிடந்தது.

"என்ன மச்சான் இது?"

"தாய்மாமன் வெறுங்கையோடயா மாப்ள வருவான்?"

"கழட்டத்தான மச்சான் சொன்னாக. மாட்டச் சொல்லலையே."

"எனக்குத் தெரியாதா? பச்சப்புள்ளையை வெறும் இடுப்பா எப்பிடி விடுறது? பழசை எடுத்துட்டு இதை மாட்டிருவோம். சுத்த வெள்ளி. டாக்டரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

"உள்ள கரண்டு வச்சு வேலை பாப்பாகளாம். தங்கம், தகரம் எதுவும் ஆகாதுன்னாக."

"வெள்ளியுமா?"

"வெள்ளிக்குச் சலுகை உண்டான்னு கேக்க மறந்துட்டேன்."

சுருளிராஜன் தாம்பாளத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் ஏந்திக்கொண்டே நின்றார். கல்யாண வீட்டுக்கு நாள் மாறி வந்தவர்போல இருந்தது அவர் முகம்.

மகிழன் கொல்லைப்புறத்தில், துவைக்கிற கல்மேல் ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்தான். ஒண்ணாம் வகுப்பு. நாலு எட்டு ஓடினால் உதடு நீலமாகிவிடும். "நெஞ்சுல பஞ்சர், ஒட்டிட்டு வந்துருவோம்" என்று அப்பா சொல்லியிருந்ததை அப்படியே பள்ளிக்கூடம் பூராவும் சொல்லிவைத்திருந்தான்.

சுருளிராஜன் மண்டியில் சீப்பு அறுக்கிற கத்தியைக் காரிலிருந்து எடுத்துவந்தார். பையன் முன்னால் குத்தவைத்தார். கோயிலில் வைத்துக் கட்டிய கயிறு. பிள்ளை வளர்ந்ததில் இறுகிப்போய் உருவவும் வரவில்லை, முடிச்சும் அவிழவில்லை. கயிற்றுக்கு அடியில் விரலை நுழைத்தார். நாள் முழுக்க வாழைத்தாரோடு மல்லுக்கட்டுகிற கை வெடவெடவென்று ஆடியது. எழுந்துவிட்டார்.

"என்னால ஆகாது மாப்ள" என்று கத்தியைக் கருத்தக்கண்ணனிடம் நீட்டிவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார்.

அடுப்படியில் மிக்ஸி ஓட ஆரம்பித்தது. அந்த நேரத்தில் அரைப்பதற்கு அந்த வீட்டில் ஒன்றும் இல்லை என்பது கருத்தக்கண்ணனுக்குத் தெரியும். பாண்டீஸ்வரி சும்மா ஓட்டுகிறாள், இங்கே நடப்பது காதில் விழாமல் இருக்க.

"மாமா ஏம்ப்பா அழுகுறாரு?"

"வாழைக்காய் விலை இறங்கிருச்சாம்டா."

கத்தி இப்போது அவன் கையில். கை நடுங்கவில்லை. அதுதான் அவனுக்கே சங்கடமாக இருந்தது. யாருடைய கையையோ பார்த்துக்கொண்டிருப்பதுபோல் பார்த்தான்.

"ப்பா, இதை அறுத்தா டவுசரு கீழ விழுந்துருமா?"

"அதுக்குத்தான் எலாஸ்டிக் இருக்குல்ல."

"அப்ப இது எதுக்கு?"

கருத்தக்கண்ணன் கயிற்றின் முடிச்சை முன்பக்கம் திருப்பினான். மகிழன் குரலைத் தாழ்த்தினான்.

"வினோத்ராஜ் சொன்னான்ப்பா. செத்தவுகளுக்குத்தான் இதை அறுப்பாகளாம். அறுத்தா செத்துருவாகளாம்."

மிக்ஸி நின்றது.

கருத்தக்கண்ணன் கத்தியைக் கல்மேல் வைத்தான். சட்டையைத் தூக்கினான். அவன் இடுப்பில் கிடந்தது கறுப்புக் கயிறு. வேர்வையும் வாழைக்கறையும் ஏறி, வயர்போல விறைத்திருந்தது. கத்தியை மறுபடி எடுத்து, பையன் கையில் பிடியைக் கொடுத்து, அதன்மேல் தன் கையை வைத்துக்கொண்டான்.

"மொதல்ல எனக்கு அறு. சாகுறனான்னு பாப்போம்."

"ஏலே மாப்ள, கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்றார் சுருளிராஜன்.

பையன் நாக்கைத் துருத்திக்கொண்டு ராவினான். கயிறு லேசில் விடவில்லை. ஒரு வழியாக அறுந்து, செத்த ஓணான்போல அவன் காலடியில் விழுந்தது. மகிழன் அப்பாவின் முகத்தையே பார்த்தான்.

வேறு நாளாக இருந்தால் கருத்தக்கண்ணன் கண்ணைச் செருகி, நாக்கைத் தள்ளி, தொப்பென்று விழுந்திருப்பான். அந்த வேடிக்கை உடம்பில் தயாராகக்கூட இருந்தது. பையன் பார்த்த பார்வையில் அது அப்படியே நின்றுபோயிற்று. அசையாமல் நின்று மூச்சு விட்டுக் காட்டினான்.

"சாகல" என்றான் மகிழன்.

"இல்ல."

"மாமாவுக்கு?"

சுருளிராஜன், மண்டிச் சாவியைக் கேட்டதுபோலப் பின்வாங்கினார். "டேய், இது வெள்ளிடா. எங்க கல்யாணத்துல போட்டது."

"கொக்கியைக் கழட்டுனாப் போதும் மச்சான், அறுக்க வேணாம்" என்றான் கருத்தக்கண்ணன்.

அவர் தங்கச்சி அடுப்படி வாசலில் வந்து நின்றாள். அவளைப் பார்த்ததும் சுருளிராஜன் பேசாமல் சட்டையைத் தூக்கி, தொப்பைக்கு அடியில் தடவித் தடவிக் கொக்கியை எடுத்தார். வேட்டியைத் தாங்கிக்கொண்டிருந்ததே அந்த அரைஞாண்தான் போலிருக்கிறது. பட்டுக்கரை சரசரவென்று இறங்க, இரண்டு கையாலும் பாய்ந்து பிடித்தார்.

மகிழன் சிரித்தான். மூச்சு வாங்க வாங்கச் சிரித்தான். அந்தச் சிரிப்பு ஓயும்முன் கருத்தக்கண்ணன் சிவப்புக் கயிற்றுக்கு அடியில் கத்தியைக் கொடுத்து ஒரு இழுப்பு இழுத்துவிட்டான். பூக்கட்டுகிற நார் மாதிரி அவ்வளவு லேசாக வந்துவிட்டது. கயிறு இருந்த இடத்தில், இடுப்பைச் சுற்றி வெயில் படாத வெள்ளைக் கோடு ஒன்று தெரிந்தது. தனக்கு அழுகை வரும் என்று கருத்தக்கண்ணன் கொஞ்ச நேரம் காத்திருந்தான். வரவில்லை.

பாண்டீஸ்வரி மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். சிவப்புக் கயிற்றைக் குனிந்து எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"கிளம்புங்க. நேரமாச்சு."

கார் வீரபாண்டி தாண்டி, தேனி தாண்டிப் போனது. சுருளிராஜன் அடிக்கடி ஒரு கையால் வேட்டியைச் சரிபார்த்துக்கொண்டே ஓட்டினார். அண்ணனுக்குப் பக்கத்தில் பாண்டீஸ்வரி சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பின்சீட்டில் அப்பன் மடியில் மகன். ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போது, தூங்கிவிட்டான் என்று நினைத்திருந்த பையன் கண்ணைத் திறந்தான்.

"ப்பா."

"ம்."

"நாளைக்கு இங்கன அறுப்பாகல்ல?" நெஞ்சில் விரலை வைத்துக் காட்டினான். "அப்பவும் மொதல்ல நீயா?"

கருத்தக்கண்ணன் வாயைத் திறந்தான். வழக்கம்போல ஏதாவது வந்து விழும் என்றுதான் திறந்தான். ஒன்றும் இல்லை. முன்சீட்டில் பாண்டீஸ்வரியின் தலை அசையாமல் இருந்தது.

"இல்லடா" என்றான். "அதுக்கு என்னைய விட மாட்டாக. நீ மட்டுந்தான்."

மகிழன் நெஞ்சிலிருந்து விரலை எடுத்தான்.

"நீ எங்கன இருப்ப?"

"கதவுக்கு வெளிய. அங்கனயே நிப்பேன்."

"அங்கன நின்னு யாருகிட்டயும் ஜோக்கு சொல்லாத."

"ஏண்டா?"

"எனக்குக் கேக்காதுல்ல? நான் வந்த பெறகு சொல்லு."

"சரி" என்றான் கருத்தக்கண்ணன்.

அதற்குப் பிறகு வழியெல்லாம் அவன் வாயிலிருந்து ஒரு ஜோக்கும் வரவில்லை. உசிலம்பட்டி வந்தபோது சுருளிராஜன் கண்ணாடியில் அவனைப் பார்த்துவிட்டு, காரை ஓரங்கட்டினார்.

"என்ன மாப்ள, உடம்புக்கு முடியலையா?"