ஒரு பைகூட இல்லாத குன்று

கண்ணுகளா, ஒரு செடி செத்தால் யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள். ஒரு குன்று முழுக்கச் செத்தால் மட்டும் அதை யார் தலையிலாவது கட்டியாக வேண்டும். இந்தக் குன்றைக் காவல்காரியின் தலையில் கட்டினார்கள்.

குன்றின் அடிவாரத்தில், கம்பி வேலியின் கதவை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. பகல் முழுக்க அதுதான் அவள் இடம். மூன்று வருஷத்துக்கு முன் வனத்துறை அந்தக் குன்றில் ஒரே நாளில் இருபதாயிரம் நாற்று நட்டது. மறுநாளே அவளைக் காவலுக்கு வைத்தார்கள். வேலி பார்ப்பதுதான் வேலை. தண்ணீர் லாரி வராத வாரங்களில் ஓடையிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றியது, யாரும் சொல்லாமல் அவளாகச் செய்தது. முதல் வருஷம் செடிகள் தளதளவென்று நின்றன. இரண்டாம் வருஷம் அப்படியே நின்றன. மூன்றாம் கோடையில் பத்துக்கு ஏழு காய்ந்துபோயின.

அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. காவல்காரி தன் நாத்தனாரின் ஆடுகளை வேலிக்குள் மேயவிட்டாள். அதனால் நாற்றுகள் அழிந்தன. ஏன் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்பதற்கு விளக்கம் சொல்ல வேண்டும். வேலையாவது போனால் போகட்டும், கண்ணுகளா. அந்தக் கடிதத்துக்குப் பிறகு தெருக் குழாயில் அவள் குடம் வைத்தால் பக்கத்துக் குடம் கொஞ்சம் தள்ளி நகர்ந்தது. அதுதான் அவளுக்கு ஆறவில்லை.

நாத்தனார் கொட்டகைக்கே வந்து சண்டை பிடித்தாள்.

"என் ஆட்ட நீ ஒரு நாளாவது உள்ள விட்டிருப்பியாடி? விட்டிருந்தா அதுங்க இப்படி எலும்பும் தோலுமா நிக்குமா? தம்பி பொண்டாட்டியாச்சேன்னு கேட்டதுக்கு, வேலிக்கு வெளிய நீட்டிட்டிருந்த கொம்பைக்கூட வெட்டி உள்ள போட்டவதானே நீ!"

"அதையே வந்து ஆபீசுல சொல்லுங்க அண்ணி."

"நான் சொன்னா எடுபடுமா? ஆட்டுக்காரி சாட்சி, ஆடே வந்து சாட்சி சொன்ன மாதிரி."

இந்த நிலையில்தான் வனத்துறையின் திட்ட நிபுணர் அங்கே வந்தார். எந்த மண்ணில் எந்த மரம் வைப்பது என்று திட்டம் போடுவதும், வைத்தது பிழைத்ததா என்று வருஷாவருஷம் எண்ணிப் பார்ப்பதும் அந்த அம்மாவின் வேலை. எண்ணி எண்ணியே 'எண்ணிக்கையம்மா' என்று பெயராகிவிட்டது. கிளம்பும்போதே மேலதிகாரி சொல்லி அனுப்பியிருந்தார். "ரொம்ப அலைய வேணாம். ஆடுன்னு ஒரு வரி எழுதிட்டு வாங்க, போதும்."

அந்த அம்மாவுக்கு ஒரு வரியில் எழுதிப் பழக்கமில்லை. ஒரு கம்பை நட்டு, அதில் கயிறு கட்டி, கயிறு எட்டுகிற தூரத்துக்கு வட்டம் போடுவார். வட்டத்துக்குள் உயிரோடிருப்பது எத்தனை, செத்தது எத்தனை என்று எண்ணுவார். இப்படிக் குன்றில் பன்னிரண்டு இடத்தில் போட வேண்டும். கயிற்றின் மறுமுனையை ஜீப் டிரைவர் பிடித்துக்கொண்டு சுற்றிவந்தார். பின்னாலேயே காவல்காரியும் நடந்தாள்.

மூன்றாவது வட்டத்தில் எண்ணிக்கையம்மா நின்றுவிட்டார். காய்ந்த செடி ஒன்றின் நுனியைத் தடவினார்.

"என்னம்மா, செத்ததுகிட்ட நலம் விசாரிக்கறீங்களா?" என்றார் டிரைவர்.

"இலை இருக்கு பாருங்க. காஞ்சுபோய் அப்படியே ஒட்டிட்டு இருக்கு. நுனியில ஒரு கடி இல்ல. ஆடு உள்ள வந்து வேடிக்கை பாத்துட்டுப் போச்சா?"

"பட்டினி கிடக்கணும்னு சபதம் எடுத்த ஆடா இருக்கும்."

காவல்காரி சிரிக்கவில்லை. கொட்டகைக்குப் போய்க் கடப்பாரையை எடுத்துவந்து எண்ணிக்கையம்மாவின் காலடியில் போட்டாள். "தோண்டிப் பாருங்க. எனக்கும் தெரியணும்."

டிரைவர் குத்தினார். மண் விட்டது. செடி வேரோடு வந்தது. வேரோடு என்று சொல்லக் கூடாது, பையோடு வந்தது. நாற்றுப் பண்ணையில் ஒவ்வொரு கன்றையும் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பையில் வளர்ப்பார்கள். நடும்போது பையைப் பிளேடால் கீறி உரித்துவிட்டுத்தான் குழியில் வைக்க வேண்டும். வெளியே வந்தது அதே பை, கிழியாமல், மடிப்புக் குலையாமல். உள்ளே வேர் போக இடமில்லாமல் தன்னையே சுற்றிச் சுற்றி நூல்கண்டு மாதிரி இறுகியிருந்தது. பைக்குள் இருந்த பிடி மண்ணைத் தின்று இரண்டு வருஷம் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது, பாவம்.

முப்பது செடி தோண்டினார்கள். இருபத்தேழில் பை.

"அப்போ மூணு வருஷமா நான் சுமந்து ஊத்தின தண்ணி?" என்று கேட்டாள் காவல்காரி.

அவள் முகம் சிவந்துகொண்டே வந்தது.

"பச்சப்புள்ளைய சாக்குல போட்டு வாயைக் கட்டிக் குடுத்துட்டு, ஏன்டி வளக்கலன்னு என்னைக் கேக்கறாங்களா? நல்லா இருக்கு நியாயம்!"

எண்ணிக்கையம்மா அந்தப் பையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு வேறொன்று நினைவுக்கு வந்துவிட்டது. உரித்த பைகளை அப்படியப்படியே வீசிவிட்டுப் போவது நடவுக்காரர்கள் வழக்கம். அதைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்து, குன்றில் ஒரு பைகூடக் கிடக்கக் கூடாது என்று விதி எழுதியவரே அவர்தான். நட்ட மறுநாள் சோதனைக்கு வந்தவரும் அவரே. குன்று துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. மனம் குளிர்ந்து அறிக்கையில் எழுதினார்: 'குன்றில் ஒரு பைகூடக் கண்ணில் படவில்லை. பணி மிகத் தூய்மை.' நடவு வேலையை எடுத்துச் செய்த காண்டிராக்டருக்கு அந்த வரியைக் காட்டித்தான் பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். இருபதாயிரம் பை எங்கே போயிற்று என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. குப்பையைத் தேடிய கண், பையைத் தேடவில்லை. முழுப் பூசணிக்காயைக் குழியில் மறைத்திருக்கிறார்கள். மேலே நின்று இவர் நற்சான்று எழுதியிருக்கிறார்.

மறைக்காமல் இதையும் காவல்காரியிடம் சொன்னார்.

"அன்னைக்கே ஒரே ஒரு செடியப் புடுங்கிப் பாத்திருந்தா?"

"பாத்திருக்கணும்."

"பாக்கல."

"பாக்கல."

காவல்காரி திட்டியிருந்தால்கூடத் தேவலாம். கடப்பாரையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

மறுநாள் காலை, மேலதிகாரியின் கண்ணாடி மேசை மேல் எண்ணிக்கையம்மா ஒரு சாக்கைக் கவிழ்த்தார். இருபத்தேழு பைகளும் மண்ணோடு விழுந்தன. பின்னால் சுவரில், நடவு நாளன்று அதிகாரிகள் வரிசையாக நின்று சிரிக்கிற படம்.

"என்னம்மா இது, மேசையெல்லாம் மண்ணு!"

"இந்த மண்ணு குன்றோட சேந்திருக்க வேண்டியது சார். சேர விடல."

அவர் ஒரு பையைத் திருப்பிப் பார்த்தார். புரிந்துவிட்டது, புரிந்ததும் குரலைத் தாழ்த்தினார். "ஒரே நாள்ல இருபதாயிரம். அது நம்ம துறையோட சாதனை. இப்போ போய் இதைக் கிளறினா? ஆட்டைச் சொன்னா யாருக்கும் கஷ்டமில்ல. ஆடு மறுத்து எழுதப்போறதில்ல."

"காவல்காரி எழுதுவா."

"எழுதட்டும். பையைப் பத்தி நீங்க எழுதினா முதல்ல மாட்டப்போறது யாரு? அன்னைக்கு நல்லா இருக்குன்னு கையெழுத்துப் போட்டது நீங்க."

"அந்த அறிக்கையத்தான் முதல் பக்கமா வச்சிருக்கேன் சார்."

"ஒரு காவல்காரிக்காகவா?"

"ஆடு தின்னல சார். அதுக்காக."

அறிக்கை தலைமை அலுவலகத்துக்குப் போயிற்று. என்ன நடந்தது தெரியுமா? எண்ணிக்கையம்மாவைக் களத்திலிருந்து எடுத்து, பழைய கோப்புகள் அடுக்கும் அறைக்கு மாற்றினார்கள். காண்டிராக்டர் அடுத்த குன்றில் குழி வெட்ட ஆரம்பித்துவிட்டார். வயிறு எரிகிறதா, கண்ணுகளா? எரியட்டும். இதற்கெல்லாம் எரியாத வயிறு எதற்கு?

ஒரு மாதம் கழித்துக் காவல்காரிக்கு ஆணை வந்தது. எண்ணிக்கையம்மா அதைத் தன் கையாலேயே கொடுக்க வேண்டுமென்று டிரைவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். வேலை போகவில்லை என்று மேலதிகாரியின் உதவியாளர் சொல்லியிருந்ததால் உறையைப் பிரிக்காமலே மகிழ்ச்சியோடு நீட்டினார். நாத்தனாரும் எட்டிப் பார்த்தாள். காவல்காரி எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தாள்.

"காவலரின் நீண்ட உழைப்பைக் கருதி, அவருடைய கவனக்குறைவு மன்னிக்கப்படுகிறது. பணியில் தொடரலாம்."

இன்னொரு தரம் படித்தாள்.

"மன்னிக்கறாங்களா? என்னையா? யாரு யாரை மன்னிக்கறது?"

"வேலை இருக்குல்ல அக்கா," என்றார் டிரைவர். "வாங்கிக்கிட்டேன்னு ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க. ஆபீஸ் பாஷை அப்படித்தான் இருக்கும்."

"போட்டுடாதடி!" என்று கத்தினாள் நாத்தனார். "போட்டா என் ஆடு தின்னது உண்மைன்னு ஆயிடும்!"

காவல்காரி எண்ணிக்கையம்மாவிடம் பேனா கேட்டு வாங்கினாள். ஆணையின் குறுக்கே, கொட்டை எழுத்தில் எழுதினாள்: 'நான் தப்பு செய்யவில்லை. உங்கள் மன்னிப்பு எனக்கு வேண்டாம்.' கீழே தன் பெயரைப் போட்டாள்.

"வேலை போனாலும் போயிடும்," என்றார் எண்ணிக்கையம்மா மெதுவாக.

"போகட்டும்மா. செய்யாத தப்புக்கு மன்னிப்பு வாங்கிட்டு அந்தக் கதவுல எப்படி நிக்கறது? உள்ள வர்றவன் எவனா இருந்தாலும் என்னைப் பாத்துச் சிரிப்பான்."

எண்ணிக்கையம்மா பேனாவைத் திரும்ப வாங்கினார். அவள் பெயருக்குக் கீழே எழுதினார்: 'இவர் சொல்வது உண்மை. பைகளைப் பார்க்கத் தவறியது நான்.' தன் பெயரையும் பதவியையும் போட்டார். டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார், பிறகு, "கடப்பாரை பிடிச்சது நான்தானே, என்னை மட்டும் விட்டா எப்படி?" என்று அவரும் கையெழுத்துப் போட்டார்.

பதில் வர இரண்டு மாதம் ஆயிற்று. அந்த இரண்டு மாதமும் காவல்காரி தினமும் கதவில்தான் நின்றாள். போ என்றும் யாரும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. கடைசியில் வந்த தாளில் ஒரே வரி: 'காவலர் மீதான குற்றச்சாட்டு ஆதாரமற்றது, திரும்பப் பெறப்படுகிறது.' அந்த ஒரு வரியை எழுத அத்தனை பெரிய கட்டடத்துக்கு இரண்டு மாதம் பிடித்திருக்கிறது.

காவல்காரி வரியை விரலால் தடவிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். பிறகு அந்தத் தாளை மடித்துக் குடத்துக்குள் போட்டுக்கொண்டு, தெருக் குழாயடிக்கு நடந்தாள், எல்லாருக்கும் படித்துக் காட்ட.