போதும் என்று யார் சொல்வது

அக்கா புருஷன் தேர்தலில் நின்றார். எல்லா மதத்துக்காரர் ஓட்டும் வேண்டும் என்று தினமும் மூன்று வழிபாட்டு இடங்களுக்குப் போய் உருகி உருகி வேண்டினார். படம் எடுத்தது நான். கல்யாணங்களில் எத்தனையோ மாப்பிள்ளைகளைச் சமாளித்திருக்கிறேன்; ஒருத்தரும் என்னை இந்தப் பாடு படுத்தியதில்லை. கண் பாதி திறந்திருந்தால் படம் வீண். அதனால் நான் "போதும் அத்தான்" என்று சொன்ன பிறகுதான் அவர் கண்ணைத் திறக்க வேண்டும் என்று பேசி வைத்திருந்தோம். திறந்ததும் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "முகத்துல பக்தி வந்துச்சா?"

ஓட்டு எண்ணும் நாள் காலையில் அக்கா போன் செய்தாள்.

"உன் அத்தானுக்கு என்னடா ஆச்சு? ரூம்ல தனியா கும்பிட்டுட்டு நிக்கிறாரு. நிஜமாவே வேண்டறாரு போல. காப்பி ஆறிப்போச்சு. எத்தனை தடவை கூப்பிட்டாலும் கண்ணைத் திறக்க மாட்டேங்கறாரு."

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. போட்டது போட்டபடி ஓடினேன். மனிதர் கைகூப்பி, கண்ணை இறுக்கி மூடி, வியர்வையில் தொப்பலாக நனைந்து நின்றுகொண்டிருந்தார். முதல்முறையாக அந்த முகத்தில் பக்தி வந்திருந்தது. எனக்கே பாவமாகப் போய்விட்டது.

"போதும் அத்தான்," என்றேன்.

சட்டென்று கண்ணைத் திறந்தார். என் வெறுங்கையைப் பார்த்ததும் முகம் சுண்டிப்போனது.

"கேமரா எங்கடா? அப்போ நான் இவ்வளவு நேரம் வேண்டினது யாருக்குமே தெரியாதா?"