ஒரு கிராமும் கூடாது

எவரால்டோ லமேகோ பிரேசிலில் ஐந்து முறை ஸ்டொக் கார் பந்தயச் சம்பியன். அதை அவர் வாயால் கேட்காத நாள் கிடையாது. ரொறன்ரோவின் வெக்ஸ்போர்டில் ஒரு பிளாசாவுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் கராஜின் சுவர் முழுக்க அவர்தான்: எட்டு வயதில் சாவோ பாவுலோவில் குட்டிக் கார் ஓட்டுகிறார், இருபத்துமூன்றில் முதல் கிண்ணம், முப்பத்தொன்பதில் ஐந்தாவது. பிறகு அங்கே இளசுகள் வந்து முந்தத் தொடங்க, கனடாவுக்கு வந்து இங்குள்ள தொடரில் ஓடினார். இப்போது வயது ஐம்பத்தொன்று. இந்த வருடத்தோடு ஓய்வு. போகும்போது இரண்டு நாட்டுச் சம்பியன் என்ற பெயரோடு போகவேண்டும் என்ற ஒரே ஆசைதான் மிச்சம்.

அந்த ஆசையில் மண்ணைப் போட்டது நான். வேண்டுமென்றுதான் போட்டேன்.

என் பெயர் கிளடிஸ். அவருடைய காரின் எடைக்குப் பொறுப்பு நான். தலைமை மெக்கானிக்காக இருந்தவர் என் கணவர் மாக்கஸ். இரண்டு வருடத்துக்கு முன்பு, போட்டியின் நடுவில் ரயர் மாற்ற வந்தபோது, மாக்கஸ் கை காட்டுவதற்கு முன்பே லமேகோ காரை எடுத்துவிட்டார். இறுக்காத சக்கரம் கழன்று உருண்டு, ஓரத்தில் நின்ற தொண்டர் ஒருவரின் காலை முறித்தது. கமராவை வேறொரு கார் மறைத்திருந்தது. விசாரணையில், “அவன்தான் போகச் சொல்லிக் கை காட்டினான்” என்று லமேகோ கூசாமல் சொன்னார். ஐந்து முறை சம்பியனா, ஒரு மெக்கானிக்கா? மாக்கஸின் உரிமம் போனது. லமேகோவுக்கு ஒரு புள்ளிகூடக் குறையவில்லை. மாக்கஸ் இப்போது பிறம்ரனில் ஒரு கிடங்கில் பெட்டி ஏற்றுகிறார்.

இனி அவனுக்கு ‘அவர்’ கிடையாது.

“நீ ஏன் இன்னும் உவனிட்ட வேலை செய்யிறாய்? வெக்கமில்லையோ?” என்று என் மாமியார் எமில்டா, பூசை முடிந்து கோயில் வாசலில் வைத்தே கேட்டார்.

“இருக்கு மாமி. அதாலதான் செய்யிறன்” என்றேன். அவருக்கு விளங்கவில்லை.

பிரேசிலில் ஒரு போட்டியில் வென்றால் அடுத்த போட்டிக்குக் காரில் கூடுதல் பாரம் ஏற்றிவிடுவார்கள், மற்றவனும் வெல்லட்டும் என்று. வருடக்கணக்காக அந்தப் பாரத்தை இழுத்த எரிச்சல் லமேகோவுக்கு இன்னும் அடங்கவில்லை. கனடாவில் அந்த விதி இல்லை. போட்டி முடிந்ததும், ஓட்டியவன் உள்ளே இருக்க, கார் ஆயிரத்து முன்னூற்று ஐம்பது கிலோவுக்குக் குறையக் கூடாது, அவ்வளவுதான். “அதற்கு மேல் ஒரு கிராமும் கூடாது” என்று ஒவ்வொரு முறையும் மேசையில் அடித்துச் சொல்வான்.

மாக்கஸ் தலையாட்டிவிட்டு, அவனுக்குத் தெரியாமல் ஆசனத்துக்குக் கீழே மூன்று கிலோ ஈயம் வைப்பார். மற்றவர்கள் போட்டி முடிந்ததும் மெதுவாக ஒரு சுற்று வந்து, தடத்தில் கிடக்கும் ரப்பர் துண்டுகளை ரயரில் ஒட்டவைத்துக்கொண்டு தராசுக்கு வருவார்கள். ஒன்றிரண்டு கிலோ சும்மா கிடைக்கும். எங்கள் ஆள் நேரெதிர். வென்றால் நின்ற இடத்திலேயே காரைச் சுழற்றி, புகை கிளப்பி, இருக்கிற ரப்பரையும் தேய்த்துவிட்டுத்தான் வருவான். அவன் ஊர் வழக்கமாம். இத்தனை வருடமும் அவனைக் காப்பாற்றியது அந்த ஈயம்.

மாக்கஸ் போன பிறகு நானும் வைத்தேன். சின்னப் போட்டியில் விழுத்தினால் அவனுக்கு வலிக்காது. வலிக்கிற நாளுக்காகக் காத்திருந்தேன்.

அந்த நாள் போன ஞாயிறு வந்தது. கடைசிப் போட்டி, ரொறன்ரோவிலேயே, ஏரிக்கரைத் தெருக்களை அடைத்து. முதலாவதாக வந்தால் பட்டம். பிரேசிலிலிருந்து தொலைக்காட்சிக்காரர்களும் வந்திருந்தார்கள். காலையில் வழக்கம்போல, “ஒரு கிராமும் கூடாது” என்றான். சரி என்றேன். முதல் தடவையாக அவன் சொன்னதை அப்படியே செய்தேன்.

வென்றான். நன்றாகத்தான் ஓடினான், அதில் பொய் சொல்லமாட்டேன். பிறகு கமராவுக்கு முன்னால் ஐந்து வட்டம் சுழன்றான். ஒவ்வொரு வட்டத்தையும் எண்ணி எண்ணி ரசித்தேன்.

தராசில் ஒரு கிலோ நானூறு கிராம் குறைந்தது. மூன்று தடவை நிறுத்தார்கள். மூன்று தடவையும் அதேதான்.

லமேகோ என்னை ஒரு லொறிக்குப் பின்னால் இழுத்துப் போனான். முகம் வெளிறியிருந்தது. “உன் பிழை என்று சொல்லு. மெக்கானிக்கின் பிழை என்றால் போனமுறை மாக்கஸுக்குப் போலத் தண்டனை உனக்குத்தான் வரும். பட்டம் எனக்கு இருக்கும். உனக்கு என்ன வேண்டுமோ கேள்.”

“சொல்கிறேன். முதலில் அந்தச் சக்கரம் எப்படிக் கழன்றது என்று நீ நடுவரிடம் சொல்லு.”

என்னை முறைத்தான். வெளியே அவன் நாட்டுக்காரர்கள் கொடியை ஆட்டிக்கொண்டு நின்றார்கள். அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு நேரே நடுவரின் அறைக்குள் போனான். தலைமை நடுவர் லிண்டாவிடம், “மாக்கஸ் கை காட்டவில்லை. நான்தான் அவசரப்பட்டு எடுத்தேன். விசாரணையில் பொய் சொன்னேன்” என்றான். லிண்டா எழுதி, கையெழுத்தும் வாங்கினார்.

நான் வாக்குத் தவறவில்லை. “இன்றைய எடைக்கு நான்தான் பொறுப்பு” என்று எழுதிக் கொடுத்தேன்.

லிண்டா கண்ணாடியைக் கழற்றினார். “யாருடைய பிழையாக இருந்தாலும், எடை குறைந்தால் தகுதி நீக்கம். விதிப் புத்தகத்தின் இரண்டாம் பக்கத்திலேயே இருக்கிறதே, நீங்கள் படிக்கவில்லையா?”

அவன் எங்கே படித்தான்? அதை அவனுக்காகப் படித்து வைத்தவர் மாக்கஸ்.

லமேகோ என் பக்கம் மெல்லத் திரும்பினான். “உனக்கு இது தெரியுமா?”

“தெரியும்” என்றேன். அதைச் சொன்னபோது வந்த சந்தோஷத்துக்காக நான் வெட்கப்படவில்லை.

வெளியே வந்து மாக்கஸுக்குப் போன் எடுத்து, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். உரிமத்தைத் திருப்பித் தர விசாரணை தொடங்குகிறார்கள் என்றும் சொன்னேன். அழுவார் என்று நினைத்தேன்.

“எவ்வளவு குறைஞ்சது எண்டனீ?”

“ஒரு கிலோ நானூறு.”

“சீ, அவ்வளவு ஏன்? நானெண்டால் நூறு கிராமில விட்டிருப்பன். அப்பத்தான் அவனுக்குச் சாகுமட்டும் நித்திரை வராது.”