ஓவனில் சுடாத மண்

ஹெட்லி டான்ஸ்லி வீட்டு ஈய அரக்கி முதல் தடவையாகச் சாணம் போட்டது 1994ஆம் வருஷம் மார்ச் பத்தாம் தேதி, வியாழக்கிழமை காலையில். மூன்று உருண்டை, ஒவ்வொன்றும் கடுகில் பாதி, லேசான பச்சை. அன்றைக்கு பீஸ்டன் கடைத்தெருவில் முட்டைக்கோஸ் ஒன்று நாற்பது பென்ஸ் விற்றது, காற்று மேற்கிலிருந்து அடித்தது, வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. பசைதான் கசிந்து உருண்டிருக்கிறது என்று ஹெட்லி முதலில் நினைத்தான். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்து, குனிந்து மோந்தும் பார்த்த பிறகு அந்த நினைப்பு போய்விட்டது. மனைவி கிளெனிஸைக் கூப்பிட்டுக் காட்டினான். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, கம்பளத்தில் போடாதவரைக்கும் தனக்கு ஆட்சேபம் இல்லை என்று சொல்லி, கோட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.

நாட்டிங்ஹாம் வட்டாரத்தில் இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் தெருவுக்கு நாலு பேராவது தேறுவார்கள். ஈயத்தில் வார்த்த பூதம், பறவைநாகம், எலும்புக்கூட்டுப் படை என்று பெட்டி பெட்டியாக வாங்குவார்கள். உள்ளே எல்லாம் துண்டு துண்டாகக் கிடக்கும். அதை அரத்தால் தேய்த்து, துளை போட்டுக் கம்பி சொருகி ஒட்டி, இடுக்குக்குப் பட்டி பார்த்து, ஒற்றை மயிர் பிரஷ்ஷால் கண்ணுக்குப் புள்ளி வைத்து, கடைசியில் மண்ணும் கல்லும் புல்லும் ஒட்டிய ஒரு பீடத்தில் நிறுத்துவார்கள். பிறகு சனிக்கிழமை மத்தியானம் செயின்ட் ஹில்டா சர்ச் ஹாலில் மேசை போட்டு, பகடை உருட்டி, அளவுநாடாவால் அங்குலக் கணக்கில் நகர்த்திச் சண்டை விடுவார்கள். ஆறடி ஆள்கள், அறுபது வயசுக்காரர்கள், எல்லாரும்தான். பொம்மை என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது, மூஞ்சி தொங்கிப்போகும். உருவம் என்று சொல்ல வேண்டும்.

ஹெட்லி நடமாடும் நூலக வண்டி ஓட்டுகிறவன். இந்தச் சனிக்கிழமை ஆட்டச் சங்கத்தில் ஒன்பது வருஷம் உறுப்பினனாக இருந்தும் ஒரு தடவைகூட ஆடியதில்லை. காரணம் எளிது, அவன் எதையும் முடித்ததில்லை. பெயிண்ட் முழுக்க அடித்து, பீடமும் முடித்தால்தான் உருவம் மேசை ஏறலாம் என்பது சங்க விதி. ஹெட்லியின் பரணில் நூற்று நாற்பது பெட்டி இருந்தது. அதில் இரண்டு காலுக்கு மேல் பெயிண்ட் பார்த்த உருவம் ஒன்றும் கிடையாது. எதைத் தொட்டாலும் பாதியில் அடுத்த பெட்டி கண்ணை இழுத்துவிடும். அதனால் சனிக்கிழமைதோறும் எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்ப்பான். இப்படிப்பட்டவன் எப்படியோ ஒரு சதுப்பு அரக்கியை மட்டும் விடாமல் பதினோரு மாதம் பிடித்து முடித்துவிட்டான். ஒரு முழு பிரெட் அளவு உருவம், ஆறு கால், செம்மறிக் கடாக் கொம்பு, தவளை வாய், எடை ஒன்றரைக் கிலோ. மூக்கைப் பார்த்ததும் கிளெனிஸ் தன் சித்தியின் பெயரை வைத்தாள். அப்படித்தான் அவள் மேவிஸ் ஆனாள்.

தப்பு நடந்தது பீடத்தில். தோட்டத்து மண் மாதிரி பீடத்துக்கு அழகு சேர்ப்பது வேறொன்றும் இல்லை, அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதைத் தட்டில் பரப்பி, ஓவனில் ஒரு மணி நேரம் சுட்டு, உள்ளே இருக்கிற உயிரெல்லாம் போன பிறகுதான் ஒட்ட வேண்டும். அந்த வாடைக்காகவே பீஸ்டனில் ரெண்டு விவாகரத்து நடந்திருக்கிறது. ஹெட்லி நகராட்சியிடம் வாடகைக்கு எடுத்த காய்கறித் தோட்டத்திலிருந்து ஒரு டம்ளர் மண் கொண்டுவந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஓவனில் மாட்டிறைச்சி வெந்துகொண்டிருந்தது, மேல் தட்டில் யார்க்‌ஷர் புட்டிங் உப்பிக்கொண்டிருந்தது. இப்போது கதவைத் திறந்தால் புட்டிங் அமுங்கிவிடும், திறந்தவன் கையும் இருக்காது என்று கிளெனிஸ் சொல்லிவிட்டாள். முடிக்கப் போகிற சந்தோஷத்தில் ஹெட்லிக்கு ஒரு மணி நேரம் பொறுக்க முடியவில்லை. பச்சை மண்ணையே பசை தடவி ஒட்டிவிட்டான்.

ஒன்பதாம் நாள் நைலான் புல்லுக்கு நடுவில் நிஜப் புல் முளைத்தது. அதற்கடுத்த வாரம் நூலிலும் மெல்லிசான ஒரு மண்புழு தலை நீட்டியது. பிறகு செவ்வாயும் சனியும் அந்தப் பீடத்துக்கு மேலே மட்டும், ஆறங்குலத்துக்கு நாலங்குலம், கால் மணி நேரம் தூறல் போட்டது. கிளெனிஸ் அடியில் இருந்த லேஸ் விரிப்பை எடுத்துவிட்டு ஒரு சாப்பாட்டுத் தட்டை வைத்தாள். இவ்வளவும் ஆன பிறகு மேவிஸ் குனிந்து புல்லை மேய்ந்ததில் யாருக்கும் பெரிய ஆச்சரியம் இல்லை. சாணம் போட்ட அன்றைக்கு மத்தியானமே ஹெட்லி அவளைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனான். அவர் பல்லைப் பார்த்தார், வயிற்றைத் தட்டிப் பார்த்தார். உடம்பில் ஈயம் அதிகமாக இருப்பது பொதுவாக நல்லதில்லை, ஆனால் உடம்பே ஈயம் என்னும்போது மருந்து எழுதுவதற்கு ஒன்றும் இல்லை என்று சொல்லி, பூனைக்கு உண்டான கட்டணத்தை வாங்கிக்கொண்டார்.

ஒரு வருஷம் இப்படிப் போனது. ஹெட்லி வண்டியை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்ததும் கை கழுவுவதற்கு முன்னால் மேவிஸைத்தான் பார்ப்பான். அவளும் அவன் காலடிச் சத்தம் கேட்டால் முன்னங்கால் நாலையும் பீடத்து விளிம்பில் வைத்து எட்டிப் பார்ப்பாள். பிள்ளை இல்லாத வீடு. இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ரெண்டாவது வசந்தத்தில் மேவிஸ் மேய்வதை நிறுத்தினாள். பீடத்துப் புல் அவள் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. முதுகில் அடித்த கரும்பச்சைப் பெயிண்ட் மங்கியது. ஹெட்லி மறுபடி வார்னிஷ் பூசினான், கேரட் துருவிப் போட்டான், ஒன்றும் நடக்கவில்லை. அலமாரியில் பக்கத்தில் இருந்த பீங்கான் நாயை முட்டி உடைத்தபோது மட்டும் ஒரு நாள் முழுக்க உற்சாகமாக இருந்தாள். சனிக்கிழமை அவன் ஹாலுக்குக் கிளம்பும்போதெல்லாம் கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்பாள். கிளெனிஸுக்குப் புரிந்துவிட்டது. ஹெட்லிக்கும் புரிந்தது, ஆனால் புரியாத மாதிரி நடித்தான்.

அதற்குக் காரணம் இருந்தது. புதிதாகப் பெயிண்ட் அடித்த உருவம் முதல் சண்டையில் செத்துப்போகும். இதை நம்பிக்கை என்று சொல்வது தவறு, கணக்கே இருக்கிறது. சங்கச் செயலாளர் ம்யூரியல் சீத்தம் அம்மாள், பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருஷம் அதிகாரம் பண்ணியவர், இதற்கென்று நீல அட்டை நோட்டு ஒன்று வைத்திருந்தார். இருநூற்றுப் பதினாலு உருவம் முதல் சண்டைக்குப் போயிருக்கிறது, இருநூற்றுப் பன்னிரண்டு செத்திருக்கிறது. மீதி ரெண்டில், ஒன்றில் ஃப்யூஸ் போனதால் ஆட்டம் நின்றது. இன்னொன்றில் உடைமைக்காரிக்குப் பிரசவ வலி வந்துவிட்டது. செத்த உருவத்தைப் பக்கவாட்டில் சாய்த்து மேசை ஓரத்தில் படுக்க வைப்பது அங்கே வழக்கம். ஒன்பது வருஷமாக டீத் தட்டோடு அந்த வரிசையைத் தாண்டிப் போனவன் ஹெட்லி.

பேச்சை எடுத்தது கிளெனிஸ்தான்.

"அலமாரியில வச்சு அழகு பாக்கவா இம்புட்டுப் பாடுபட்ட? கொம்பு நீதான் வச்ச, நகமும் நீதான் வச்ச. இப்ப அவ சண்டை கேட்டா யாரைக் குத்தம் சொல்றது?"

"அங்க போனா செத்துருவா, கிளெனிஸ்."

"இங்கேயும்தான் செத்துக்கிட்டிருக்கா. கொஞ்சம் மெதுவா. உனக்குக் கண்ணு தெரியலையா?"

மறு சனிக்கிழமை ஹெட்லி பஞ்சு மெத்தை வைத்த கேக் டின்னில் மேவிஸைக் கொண்டுபோனான். எதிர் ஆட்டக்காரன் ராய்ஸ்டன் பிண்டர், கசாப்புக் கடைக்காரன், எலும்புக்கூட்டுப் படை வைத்திருப்பவன், நல்ல மனசுக்காரன். மேசையில் இறக்கியதும் மேவிஸ் உடம்பைச் சிலுப்பினாள். முதுகுப் பெயிண்ட் பழையபடி மின்னியது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் வாயைத் திறந்து கத்தினாள். குக்கர் விசில் அளவுச் சத்தம்தான். ஹாலில் எல்லாரும் கப்பைக் கீழே வைத்துவிட்டார்கள். ஹெட்லிக்குப் பெருமை தாங்கவில்லை. அவள் முதல் சுற்றிலேயே பதினாறு எலும்புக்கூட்டை மிதித்துத் தள்ளினாள். அடுத்தது பிண்டரின் முறை. அவனிடம் மிச்சம் இருந்தது மூலையில் ஒற்றை வில்லாளி. அந்த அம்பு தைக்க மூன்று பகடையிலும் ஆறு விழ வேண்டும். பிண்டர் உருட்ட மாட்டேன் என்றான். விதிப்படி உருட்டியே ஆக வேண்டும் என்று சீத்தம் அம்மாள் சொன்னார். முட்டையை வைக்கிற மாதிரி மெதுவாகத்தான் வைத்தான் பாவம். மூன்றிலும் ஆறு விழுந்தது.

மேவிஸ் ஆறு காலையும் மடக்கிச் சாய்ந்தாள். மூச்சு நின்றது. பீடத்துப் புல் ஆடுவது நின்றது. ஹெட்லி விரலை வைத்துப் பார்த்தான், வெறும் ஈயத்தின் குளிர்ச்சி. நாற்பத்தாறு வயசு ஆண்பிள்ளை எல்லார் முன்னாலும் ஓவென்று அழுதான். யாரும் பார்க்காத மாதிரி சுவரைப் பார்த்தார்கள். சீத்தம் அம்மாள் நோட்டில் இருநூற்றுப் பதிமூன்று என்று எழுதினார். பிண்டர் புதினா சாஸ் விட்ட பட்டாணிக் கூழ் ஒரு கிண்ணம் வாங்கிக் கொடுத்தான். அது ஆறிப்போனது.

எட்டு சனிக்கிழமை ஹெட்லி சங்கத்துப் பக்கம் போகவில்லை. கேக் டின் சமையலறை மேசையில் மூடியே கிடந்தது. புதைக்கவும் மனசில்லை, திறக்கவும் தைரியமில்லை. ஒன்பதாவது வாரம் சீத்தம் அம்மாள் குடையும் கையுமாக வீட்டுக்கே வந்துவிட்டார்.

"என்னய்யா ஹெட்லி, இன்னும் அவளைப் படுக்கவே போட்டு வச்சிருக்க?"

"செத்துட்டாம்மா."

"செத்துத்தான் போனா, நோட்டுலயே இருக்கு. ஆனா சனிக்கிழமை செத்தா அடுத்த சனிக்கிழமை வரைக்கும்தான் சாவு. அதுக்கு மேல செத்துக் கெடக்க நம்ம சங்கத்துல யாருக்கும் வழி கெடையாது. பிண்டரோட தளபதி நானூறு தரம் செத்தவன். இப்பவும் வாளத் தூக்கிட்டு முன்னால நிக்கிறான்."

"அவனுங்க வெறும் ஈயம். இவ மூச்சு விட்டவ."

"மூச்சு விடறவங்களுக்குன்னு விதியில தனியா ஒண்ணும் எழுதல."

ஹெட்லி டின்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். ஒன்பது வருஷம் வேடிக்கை பார்த்தவன்தான். வாராவாரம் செத்ததெல்லாம் வாராவாரம் எழுந்து நின்றதையும் பார்த்தவன்தான். ஆனால் தன் கையால் ஒன்றைப் படுக்க வைத்தது அவனுக்கு இதுதான் முதல் தடவை.

"நிக்க வச்சு, எழும்பலன்னா?" என்று கேட்டான். மூடியைத் திறக்காதவரைக்கும் அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது, அதைத்தான் எட்டு வாரமாகப் பிடித்துக்கொண்டிருந்தான்.

சீத்தம் அம்மாளுக்குக் குரல் கொஞ்சம் இறங்கியது. "எழும்பலன்னா எழும்பல, ராசா. அழுதுக்கலாம். ஆனா நிக்க வைக்க வேண்டியவன் நீ. அடுத்தவங்க உருவத்த நாங்க யாரும் தொடமாட்டோம்னு உனக்கே தெரியும். அவளா எப்படி எழுந்திரிப்பா?"

சனிக்கிழமை ஹெட்லி போனான். கிளெனிஸும் கூடப் போனாள், கல்யாணமாகி இருபது வருஷத்தில் முதல் தடவையாக அந்த ஹாலுக்கு. எதிரே பிண்டர் படையை அடுக்கி முடித்து, பகடையைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஹெட்லி டின்னைத் திறந்தான். மேவிஸைக் கையில் எடுத்தபோது கனத்தாள், குளிர்ந்திருந்தாள். மேசையில் தன் பக்கத்து எல்லைக்கோட்டில் பீடத்தை வைத்து, சாய்ந்த உடம்பை நிமிர்த்தி, ஒவ்வொரு காலாக ஆறு காலையும் ஊன்றி விட்டு, கையை எடுத்தான். ஒன்றும் நடக்கவில்லை. யாரோ டீயை உறிஞ்சப் போய் பாதியில் நிறுத்தினார்கள். கிளெனிஸ் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஹெட்லி தலையைக் குனிந்துகொண்டான்.

அளவுநாடாவைச் சுருட்டி வைத்துவிடலாம் என்று அவன் கையை நீட்டியபோது பிண்டர் தொண்டையைச் செருமினான்.

"ஏம்ப்பா ஹெட்லி, இது சரியில்லை. ஒருத்தரும் அளக்காம அவபாட்டுக்கு நடந்துட்டிருக்கா."

ஹெட்லி நிமிர்ந்தான். மேவிஸ் மேசையின் நடுப்பக்கம் போய்க்கொண்டிருந்தாள், பீடத்தோடு, முதுகில் வெயில் பட. நாடாவை வைத்துப் பார்த்தார்கள், ஏழு அங்குலம். சீத்தம் அம்மாள் விதிப் புத்தகத்தைப் புரட்டி, சதுப்பு அரக்கிக்கு ஒரு சுற்றுக்கு ஆறு அங்குலம்தான் என்று அறிவித்தார். ஹெட்லிக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். குனிந்து அவள் காதருகே விஷயத்தைச் சொன்னான். மேவிஸ் முறைத்தாள். பிறகு ஒரு அங்குலம் பின்னால் வந்து நின்றாள். பிண்டர் சரி என்றான், ஆட்டம் தொடர்ந்தது. மூன்றாவது சுற்றில் ஒரு ஈட்டிக்காரன் கையால் மேவிஸ் செத்துப்போனாள். ஹெட்லி அவளைத் தூக்கி மேசை ஓரத்தில் மற்றவர்களோடு பக்கவாட்டில் படுக்க வைத்து, கால்களைச் சரி பண்ணினான். அடுத்த வாரம் தனக்கு யாரோடு ஆட்டம் என்று சீத்தம் அம்மாளிடம் கேட்டுக்கொண்டு டீ போடப் போனான்.