கொட்டாவிப் பூனைக் காசு

புது ஜெராக்ஸ் மிஷினுக்காக இரண்டு வருடம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தை, அவள் புருஷன் கொட்டாவி விடும் ஒரு பூனையிடம் கொடுத்துவிட்டு வந்தான். நிஜப் பூனைகூட இல்லை. அதுவாவது எலி பிடிக்கும். இது செல்போனுக்குள் மட்டும் இருக்கும் காசு, அதன் மேல் ஒரு பூனைப் படம், அவ்வளவுதான்.

தரகு வேலை பார்த்தது அவள் கூடப்பிறந்த தம்பி. "அக்கா, இது வெறும் காசில்ல. ஒரு குடும்பம்."

"இங்க இருக்கற குடும்பத்துல மிஷின் பேப்பரைத் தின்னுது. அந்தப் பூனை என்னடா வேலை செய்யும்?"

"வேலையெல்லாம் செய்யாது. ஏறும்."

ஏறியது. மூன்று நாள். அந்த மூன்று நாளும் புருஷன் இஸ்திரி போட்ட சட்டையில் அவர்கள் ஜெராக்ஸ் கடைக்கு வந்தான். நான்காம் நாள் சறுக்கத் தொடங்கியது, ஒரு மாதமாகியும் நிற்கவில்லை. "இது இறக்கம் இல்லக்கா, வாய்ப்பு" என்றான் அந்த மகராசன். புருஷனும் மண்டையை ஆட்டினான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தக் காசைத் திறக்கப் பன்னிரண்டு ரகசியச் சொற்கள். "மாமா, இது வேற எவன் கண்ணுல பட்டாலும் மொத்தமும் போச்சு" என்று தம்பி முதல் நாளே எச்சரித்திருந்தான். புருஷன் பொறுப்பானவன் அல்லவா! சொற்களை அழகாக அச்சடித்து, லேமினேஷன் போட்டு, பீரோவில் வைத்துப் பூட்டினான். ஆனால் தொழில் பழக்கம் யாரை விட்டது? எதற்கு லேமினேஷன் போட்டாலும் கூடவே இன்னொன்று போட்டு, மாதிரிக்கென்று கடைக் கண்ணாடியில் ஒட்டிவிடுவான்.

அன்று காலை கண்ணாடி துடைக்கும்போதுதான் அவள் பார்த்தாள். "என்னங்க இது, சம்பந்தமே இல்லாம பன்னெண்டு வார்த்தை?"

புருஷன் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு மாதமாகத் தெருவே பார்க்கத் தொங்கியிருக்கிறது. போனைத் திறந்தான். எவ்வளவு திட்டியிருந்தாலும் அவளும் எட்டிப் பார்த்தாள். அது அவள் மிஷின் அல்லவா?

எண்ணிக்கையில் ஒரு காசு குறையவில்லை.

அந்நேரம் பார்த்து வந்து சேர்ந்த தம்பி துள்ளினான். "பாத்தியாக்கா? தெருவுல தொங்கவிட்டும் பத்திரமா இருக்கு!"

ரசீது ஒன்றை நகலெடுக்க வந்து நின்றிருந்த எதிர்க்கடை செல்போன் ரிப்பேர்காரர் தொண்டையைக் கனைத்தார். "தப்பா நெனைக்காதீங்க. போன வாரம் ஒரு சபலத்துல அந்த வார்த்தைங்களப் போட்டு நான் தொறந்து பாத்தேன். வெளிய எடுக்கக் கட்டணம் கட்டணுமாம். இருக்கறது மொத்தமும் அதுக்கே பத்தல. பாவம்னு மூடி வச்சிட்டேன்."

பழைய மிஷின் ஒரு பேப்பரைக் கடித்துக்கொண்டு கரகரத்தது. புருஷன் எழுந்து போய் அந்த அட்டையைப் பிய்க்கக் கை வைத்தான்.

"விடுங்க, இருக்கட்டும்" என்றாள் அவள். "லேமினேஷன் நல்லா வந்திருக்கு. நாலு பேரு பாத்து வேலை குடுத்தா, அந்தக் காசுலயாவது மிஷின் வாங்கலாம்."