பொதுக் குச்சி

என் மனைவி பெய்ரோங் தானாகவே போன் செய்து, "சாயங்காலம் வா, கொதிசட்டி சாப்பிடலாம்" என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் சோங்சிங்கில் மனஸ்தாபம் உள்ளவர்கள் மேசை நடுவே கொதிக்கும் ஒரே சட்டிக் குழம்பில் கறியை முக்கித் தின்று கை நனைக்க மாட்டார்கள். அவள் மனம் மாறிவிட்டது என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். முட்டாள்.

விவாகரத்துக்குச் சேர்ந்தே விண்ணப்பித்திருந்தோம். யோசித்துக்கொள்ள அரசாங்கம் கொடுத்த முப்பது நாள் கழிந்துவிட்டது. அடுத்த முப்பது நாளுக்குள் இருவரும் நேரில் போய்ச் சான்றிதழ் வாங்க வேண்டும். ஒருவர் வராவிட்டாலும் விண்ணப்பம் செல்லாது. ஒரு தடவை பல்வலி என்றேன். இன்னொரு தடவை பஸ் வரவில்லை என்றேன். நாளை கடைசி நாள்.

மழை கடையின் தார்ப்பாய்க் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டியது. நான் போனபோது பெய்ரோங் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். பரிமாறும் பெண் பட்டியலோடு வந்தாள்.

"முழுக் காரமாக்கா? இல்ல பாதி காரம், பாதி சாதாவா?"

"எங்களப் பாத்தா வெளியூர்க்காரங்க மாதிரியா இருக்கு?" என்றாள் பெய்ரோங்.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். பழைய பெய்ரோங்!

சிவந்த கொழுப்பு கொதிக்கத் தொடங்கியது. நான் வாயில் வைத்துச் சாப்பிடும் என் குச்சியை உள்ளே விடப்போனேன். பெய்ரோங் பரிமாறும் பெண்ணைத் திரும்பக் கூப்பிட்டாள்.

"பொதுக் குச்சி ஒரு ஜோடி குடும்மா."

"வீட்டு ஆளுங்கதானே, எதுக்குக்கா? அதெல்லாம் விருந்தாளிங்க வந்தா கேக்கறது."

"இருக்கட்டும், குடு."

நீட்டிய குச்சியை இழுத்துக்கொண்டேன். தொற்றுக் காலத்தில், எச்சில் படாத பொதுக் குச்சியால் எடுத்துப் போட்டுச் சாப்பிடுங்கள் என்று சுவருக்குச் சுவர் நோட்டீஸ் ஒட்டியபோதுகூட, "இத்தன வருஷமா தின்ன எச்சில் இப்பத்தான் கொல்லப்போகுதா?" என்று கேட்டவள் அவள். அந்த நீளக் குச்சியால் மாட்டு இரைப்பைத் துண்டை முக்கியெடுத்து, பக்குவமாக என் கிண்ணத்தில் வைத்தாள். வாயில் போட்டேன். ருசி தெரியவில்லை.

"காசு வெச்சு ஆடறத விட்டுட்டேன் பெய்ரோங். மாஜோங் மேசைப் பக்கமே போறதில்ல."

"கேள்விப்பட்டேன். நல்லது."

"உங்கம்மா செத்த அன்னிக்கு ஆட்டத்துல உக்காந்து நான் போன அணைச்சு வெச்சது தப்புதான். அதுக்காக என்னை ரெண்டு அடி அடி. திட்டு."

"திட்டறதுக்குக் கோவம் வரணும், லுவோ. எனக்கு இப்ப வரதில்ல."

அவள் குச்சியைக் கீழே வைத்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் என்னிடம் எதையும் கேட்டு நின்றவள் இல்லை.

"உன்னைக் கெஞ்சத்தான் வரச்சொன்னேன். நாளைக்கு ஒம்பது மணிக்கு வந்துடு. பல்வலி, பஸ்ஸுன்னு எதுவும் சொல்லாத. என்னை விட்டுடு, லுவோ."

வரமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாளையோடு விண்ணப்பம் செத்துவிடும். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. எதிரே அவள் கண் கலங்கி உட்கார்ந்திருந்தாள்.

"வந்துடறேன்" என்றேன்.

"நிஜமா?"

"எட்டரைக்கே வந்து நிக்கறேன்."

பெய்ரோங் சிரித்தாள். பல்லெல்லாம் தெரிய, கன்னம் உப்ப, கல்யாணமான புதிதில் சிரித்த அதே சிரிப்பு. ஒரு வருஷமாக நான் அதற்காகத்தான் காத்துக்கொண்டிருந்தேன்.